சத்திரத்தில் இறங்கியவர்கள்

ஆலை ஊர்கள் – வரலாற்றுத் தொடர்

சென்ற வாரம் போலந்துத் தலைநகர் வார்சாவுக்குத் தென்மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஷிரார்டூவ் ஊரில் நின்றிருந்தோம். ஆளி நாரை இயந்திரத்தில் நூற்கும் வழியைக் கண்ட பிரெஞ்சுக்காரர் பிலிப் த ஜிரார்டின் பெயரைத் தாங்கிய ஊர். 1833ல் அங்கே லினன் ஆலை வந்தது. 1857ல் ஹீல்லே, டிட்ரிஹ் என்ற முதலாளிகளின் கைக்கு மாறியது. அதற்குப் பின் ஆலையோடு ஊரும் வளர்ந்தது. ஆலைச் சங்கு கேட்கும் தூரத்துக்குள் செங்கல் வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், தேவாலயம் என்று எல்லாவற்றையும் கட்டினார்கள். தொழிலாளி மீதிருந்த அன்பு மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆள் பக்கத்தில் இருந்தால் அதிகாலைச் சங்குக்கு நேரத்தில் வந்துவிடுவார் என்ற கணக்கும் இருந்தது. ஆனாலும் வீடு வீடுதான். அந்தச் செங்கல் வீடுகள் இன்றும் நிற்கின்றன.

அதே ஊரில்தான் 1883 ஏப்ரலில், கூலியைக் குறைத்ததற்காக நூல் சுற்றும் பிரிவுப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆலை முழுவதும் அவர்கள் பின்னால் நின்றது. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, மூவர் இறந்தார்கள். கடைசியில் நிர்வாகம் கூலிக் குறைப்பைத் திரும்பப் பெற்றது. போலந்து மண்ணின் முதல் பெரிய வேலைநிறுத்தமாக வரலாறு அதைக் குறித்து வைத்திருக்கிறது.

இந்த வாரம் நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, சுமார் ஐம்பதாவது கிலோமீட்டரில் வருகிற சுங்குவார்சத்திரம். வடக்கே மப்பேடு வழியாகத் திருவள்ளூருக்கும், தெற்கே வாலாஜாபாத்துக்கும் சாலை பிரிகிற கூட்டுச் சாலை. உலகம் கையில் வைத்திருக்கிற ஐபோன்களில் ஒரு பங்கு இங்கிருந்து போகிறது. சாம்சங் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் தொலைக்காட்சியும் இங்கே தயாராகின்றன. ஷிரார்டூவில் ஆலையும் ஊரும் சேர்ந்தே எழுந்தன. இங்கே ஆலைகள் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஊர் இன்னும் வந்து சேரவில்லை. இந்த வாரக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு குறையைப் பற்றியதுதான்.

சாலை பெற்ற ஊர்

இந்தச் சாலை மிகப் பழையது. கடற்கரையிலிருந்து காஞ்சிபுரத்துக்கும், அங்கிருந்து ஆற்காட்டுக்கும் போகிற வழி. வரதர் கருட சேவைக்கு நடந்து போனவர்கள், பட்டும் பருத்தியும் ஏற்றிய வண்டிகள், ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரைச் சேவிக்க வந்தவர்கள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் இருந்த வழி. நடந்து போகிறவர்களுக்கு ஒரு நாள் தூரத்தில் தங்க இடமும் குளிக்கக் குளமும் வேண்டும். அப்படித்தான் இந்த வழியில் சத்திரங்கள் எழுந்தன. கோயிலோ கோட்டையோ சந்தையோ பெற்ற ஊர்களைப் பார்த்திருக்கிறோம். இது சாலை பெற்ற ஊர்.

சாலையில் பக்தர்கள் மட்டும் போகவில்லை, படைகளும் போயின. சத்திரத்துக்கு வடமேற்கே இருக்கும் புள்ளலூரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பல்லவன் மகேந்திரவர்மனும் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியும் மோதிய களம் அது. அதே வயல்வெளியில் 1780 செப்டம்பர் 10 அன்று, குண்டூரிலிருந்து காஞ்சிபுரம் நோக்கி வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து முறியடித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்ததில் கம்பெனி அணி சிதறியது. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ, உதவிக்கு வந்து சேராமலே, கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போர் ஓவியமாக நிற்கிறது. புள்ளலூரில் செத்த ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் வயலோரம் நிற்கின்றன.

அடுத்த நூற்றாண்டில் இந்தச் சாலையின் தலையெழுத்தை மாற்றியது ரயில். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அது ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் போனது. பின்னால் வந்த செங்கல்பட்டு – அரக்கோணம் பாதை வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாக வளைந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த பழைய ராஜபாட்டையும் அதன் சத்திரங்களும் ரயில் இல்லாமலே விடப்பட்டன. ஷிரார்டூவுக்கு வார்சா – வியன்னா ரயில் 1845லேயே வந்துவிட்டது. ஆளி நாரும் நிலக்கரியும் உள்ளே வர, துணி வெளியே போக, அந்த ஊர் வளர்ந்ததற்கு அது பெரிய காரணம். சுங்குவார்சத்திரத்தில் இன்றும் ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை போடும் திட்டம் பல ஆண்டுகளாகக் காகிதத்தில் இருக்கிறது.

ரயில் போகாததால் நூறு ஆண்டுகளுக்கும் மேல் இது வேளாண் ஊராகவே இருந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் மிச்ச நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும், பிள்ளைப்பாக்கம் ஏரியும் அப்படியே. ஏரிப் பாசனத்தில் நெல், மேட்டில் நிலக்கடலை. ஆலைகளுக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்கும் இதே நில அமைப்புதான் காரணம். சமதளம், துறைமுகத்துக்கு நேரான சாலை, பக்கத்திலேயே சென்னை, கையில் ஐடிஐ சான்றிதழோடு வேலை தேடும் இளைஞர்கள் நிறைந்த வட மாவட்டங்கள். ரயில் ஒதுக்கிவிட்ட இடத்தை லாரி தேடி வந்தது.

குவார்ட்டர்ஸ் இருந்த காலம்

ஆலைக்கும் வீட்டுக்கும் உள்ள உறவு சென்னைக்குப் புதிதல்ல. 1734ல் ஆளுநர் மார்ட்டன் பிட் கூவம் ஆறு வளைந்து ஓடும் ஒரு தோட்டத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. கம்பெனிக்குத் துணி வேண்டும், துணிக்குத் தறி வேண்டும், தறிக்கு வீடு வேண்டும் என்ற வரிசை அன்றைய வணிகர்களுக்கே புரிந்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த பொதுத்துறை ஆலைகளும் அதை மறக்கவில்லை. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஐசிஎஃப் காலனி. 1960களில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலை, அதையொட்டிக் குவார்ட்டர்ஸ். நெய்வேலியில் முழு நகரியமே. அங்கே வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம், நூலகம், விளையாட்டு மைதானம், கூட்டுறவுக் கடை, மருத்துவமனை என்று ஒரு முழுக் குழந்தைப் பருவத்தைச் சொல்வார்கள். அந்த ஊர்களிலிருந்துதான் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறைப் பொறியாளர்களும் விளையாட்டு வீரர்களும் எழுத்தாளர்களும் வந்தார்கள். அந்தக் குவார்ட்டர்ஸ் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. வேலைக்குச் சேர இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஆலையைத் திட்டமிட்ட அதே வரைபடத்தில் குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் வரையப்பட்டிருந்தது என்பது சாதாரண விஷயம் இல்லை.

1991க்குப் பின் அந்த வரைபடம் மாறியது. அரசு நிலமெடுத்துத் தரும், சாலையும் மின்சாரமும் தண்ணீரும் தரும், வரிச்சலுகை தரும். ஆலை வேலை தரும். வேலைக்கு வருகிறவர் இரவில் எங்கே போவார் என்ற கேள்வி எந்த ஒப்பந்தத்திலும் முக்கிய இடம் பெறவில்லை.

ஆலைகளின் அணிவகுப்பு

தமிழ்நாடு அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் 1971ல் தொடங்கப்பட்டது. ஆனால் இந்தச் சாலையின் திருப்பம் 1996. அந்த ஆண்டு இந்தியாவில் பதிவான ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டது. 1998 செப்டம்பரில் முதல் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. கார் ஆலை தனியாக வராது. இருக்கைக்கு ஒருவர், கண்ணாடிக்கு ஒருவர், பிரேக்குக்கு ஒருவர், வயரிங்குக்கு ஒருவர் என்று உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாகப் பின்னால் வரும். அப்படித்தான் கொரியர்கள் வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய உணவகங்கள் முளைத்தன. தொழில்துறைக்கென்றே நிலமெடுக்கும் தனிச் சட்டத்தையும் தமிழக அரசு 1997ல் கொண்டுவந்தது. ஓரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம் என்று தொழிற்பூங்காக்கள் விரிந்தன. 2010ல் ஓரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. 2012ல் டைம்லர் லாரி ஆலை, அடுத்து ராயல் என்ஃபீல்டு.

கார் ஆலைகள் ஆண்களை அழைத்தன. பெண்களை இந்தச் சாலைக்கு அழைத்து வந்தது கைப்பேசி. 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முதன்முதலாகச் சம்பளக் கணக்கு வைத்த பெண்களில் எத்தனையோ பேர் நோக்கியாக்காரிகள்தான். தம்பியின் படிப்புச் செலவு, அக்காவின் கல்யாணக் கடன், ஓட்டு வீட்டுக்குத் தளம் என்று அந்தச் சம்பளம் ஊர் ஊராகப் போனது. 2010 அக்டோபர் 31 இரவு ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தபோது, வேகத்துக்கு என்ன விலை என்ற கேள்வியும் எழுந்தது.

பிறகு எல்லாம் ஒரே அடியில் முடிந்தது. ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா பின்தங்கியது. 2013ல் வருமான வரித்துறையோடு பெரும் வழக்கு வந்தது, மாநில அரசும் வரி கேட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் கணக்கு முடித்து அனுப்பப்பட்டார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. நோக்கியாவை நம்பியிருந்த பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே நின்றது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் வேலை போன அந்தப் பெண்களுக்கு, எட்டு ஆண்டு அனுபவத்தைக் காட்டி வாங்கிக்கொள்ள வேறு ஆலை இல்லை. 'வயசாயிடுச்சு' என்றார்கள். நம் காலத்தின் மிகப் பெரிய வேலையிழப்புகளில் ஒன்று இது. அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் வரி வழக்குக்குக் கிடைத்த பக்கங்களில் நூறில் ஒரு பங்குகூட அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஆலைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடியேறியிருந்தால் ஓர் ஊராக நின்று கேட்டிருப்பார்கள். கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள், பஸ் நின்றதும் தத்தம் கிராமங்களுக்குள் சிதறிப் போனார்கள்.

2019ல் கைப்பேசி மறுபடி வந்தது. நோக்கியாவின் ஆலையைச் சார்ஜர் கம்பெனியான சால்காம்ப் வாங்கிக்கொண்டது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் தயாரானது. 2020ல் ஐபோன் 11. அதற்குப் பின் ஆண்டுக்கு ஆண்டு புது மாடல்.

படுக்கையும் வீடும்

இந்தச் சாலையில் தொழிலாளி எப்படி வாழ்கிறார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உள்ளூர், சுற்றூர்க்காரர்களுக்குக் கம்பெனி பஸ். காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர், செய்யாறு என்று நாலா பக்கமும் பஸ் போகும். காலை ஆறு மணி ஷிப்டுக்கு நாலு மணிக்கே தெருமுனையில் நிற்க வேண்டும். வெளிமாவட்ட ஆண்களுக்கு வாடகை அறை. நெல் விளைந்த இடத்தில் வரிசையாகக் கட்டிய பத்துக்குப் பத்து அறையில் நாலைந்து பேர். ஒருவர் ஷிப்டு முடிந்து வரும்போது இன்னொருவர் எழுந்து போவார். ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகளும் அதே அறைகளில். பெண்களுக்கு ஹாஸ்டல். ஹாஸ்டலை ஆலை நேரடியாக நடத்தாது, ஒப்பந்ததாரர் நடத்துவார். ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்குள்ளேயே பர்மனென்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்று பிரிவுகள். யாருக்கு யார் முதலாளி என்பதே பல பேருக்குத் தெளிவாகத் தெரியாது.

2021 டிசம்பரில் இந்த ஏற்பாடு உடைந்தது. பூந்தமல்லி அருகே ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண்களுக்கு உணவு விஷமாகி, 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்களைப் பற்றிச் சரியான தகவல் யாரும் தரவில்லை. தோழிகள் இறந்துவிட்டார்கள் என்று பேச்சுப் பரவியது. டிசம்பர் 17 இரவு, வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழிப் பனியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் தொடர்ந்தது. மருத்துவமனையில் இருந்த பெண்களோடு தொலைபேசியில் பேசவைத்த பிறகுதான் நம்பினார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, தலைவர் இல்லை, முன் ஏற்பாடும் இல்லை. என் பக்கத்துப் பாயில் படுத்தவள் எங்கே என்ற ஒரே கேள்விதான் இருந்தது.

ஆலை மூடப்பட்டது. ஹாஸ்டல்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. தரையில் படுக்கை, ஓர் அறையில் முப்பது பேர் வரை, போதாத கழிவறைகள் என்ற விவரங்களை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மறுபடி திறந்தது.

இந்த ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அடிக்கல் நாட்டிய தேதிகளை வரிசைப்படுத்துவார்கள். நான் அந்த டிசம்பர் இரவைத்தான் முதலில் எழுதுவேன். 1883ல் ஷிரார்டூவின் நூல் சுற்றும் பெண்கள் கூலிக்காக எழுந்தார்கள். சுங்குவார்சத்திரத்தின் பெண்கள் சோற்றுக்காகவும் படுக்கைக்காகவும் எழுந்தார்கள். 138 ஆண்டுகளுக்கு முன் போலந்துத் தொழிலாளிக்குக் கிடைத்த கூரை இவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை.

அந்த இரவுக்குப் பலன் இருந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில், சிப்காட் சுமார் 706 கோடி ரூபாயில் கட்டிய பெண் தொழிலாளர் தங்குமிடத்தை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 18,720 படுக்கைகள். நாட்டிலேயே இத்தனை பெரிய தொழிலாளர் தங்குமிடம் அரிது. பெண்கள் சாலையில் உட்கார்ந்திருக்காவிட்டால் இது இத்தனை வேகமாக எழுந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அரசு செய்த நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனாலும் அந்த எண்ணிக்கை படுக்கைகளின் எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது. கல்யாணமான பெண் கணவனோடும் குழந்தையோடும் அங்கே இருக்க முடியாது. திருமணமான பெண்களை ஐபோன் லைன் வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது நினைவிருக்கலாம். தங்குமிடத்தின் வடிவமும் வேலைக்கு எடுக்கும் பழக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பத்தொன்பது வயதில் வந்து, இருபத்தைந்து வயதில் போய்விடுகிற ஆளுக்குப் படுக்கை போதும். அங்கேயே வாழ்ந்து, அங்கேயே பிள்ளை வளர்க்கப்போகிறவருக்கு வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், ரேஷன் கடை வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். இத்தனை ஆலைகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் பல ஆண்டுகள் கிராம ஊராட்சி நிர்வாகத்தின் கீழேயே இருந்தது. சாக்கடையும் குப்பையும் தெருவிளக்கும் ஊராட்சி வருமானத்தில் நடக்க வேண்டும், ஏற்றுமதி மட்டும் உலகக் கணக்கில்.

முப்பத்தேழு நாள்

2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2007ல் தொடங்கிய ஆலை. சுமார் 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். சம்பளம், வேலை நேரம் என்று கோரிக்கைகள் இருந்தாலும் முதல் கோரிக்கை ஒன்றுதான்: எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், அதோடு பேசுங்கள். சிஐடியு சார்ந்த சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பெயரைச் சங்கத்துக்கு வைக்கக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. தொழிலாளர்களோடு நேரடியாகப் பேசத் தயார் என்றும் சொன்னது.

ஆலைக்குப் பக்கத்து எச்சூரில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஊர்வலம் போகப் பார்த்தபோது கைது. அக்டோபர் 8 இரவு வீடு தேடிப் போய்க் கைது, மறுநாள் பந்தல் பிரிக்கப்பட்டது. அவர்கள் திறந்தவெளியில் உட்கார்ந்தார்கள். அமைச்சர்கள் பேசினார்கள். முப்பத்தேழு நாளுக்குப் பின் அக்டோபர் 15 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கப் பதிவு நீதிமன்றத்தின் கையில் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் முடிவெடுக்கக் காலக்கெடு விதித்தது. 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது. அடுத்த மாதமே பணியிடை நீக்கத்தை எதிர்த்து ஆலைக்குள் மறுபடி போராட்டம் வந்து மார்ச்சில் முடிந்ததும் இதன் தொடர்ச்சிதான்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அது இதே சென்னையின் கதை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் விதை போட்டார்கள். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். (ஷிரார்டூவில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த அதே 1883ல்தான் செங்கல்பட்டு மாவட்டத்துத் துள்ளத்தில் திரு.வி.க. பிறந்தார்.) அந்த ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி கதவடைத்தது. வாடியா தொழிலாளர்களைத் தூண்டி நஷ்டம் உண்டாக்கினார் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பெருந்தொகை நஷ்டஈடு கேட்டது, தடையாணையும் கிடைத்தது. சங்கம் நடத்தினாலே சொத்துப் போகும் என்ற நிலைமையை அந்த வழக்கு நாட்டுக்குக் காட்டியது. மத்தியச் சட்டசபையில் என்.எம்.ஜோஷி தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டு 1921ல் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம்.

சாம்சங் தொழிலாளர்களின் சங்கம் பதிவானது அந்தச் சட்டத்தின்படிதான். பெரம்பூர் ஆலைத் தொழிலாளி 1918ல் தொடங்கியதை, நூற்றாறு ஆண்டுகள் கழித்து எச்சூர்ப் பந்தலில் உட்கார்ந்தவர் பயன்படுத்தினார். வெளிநாட்டு முதலீடு போய்விடும் என்று அந்த முப்பத்தேழு நாளும் பலர் பயமுறுத்தினார்கள். ஆலை போகவில்லை. 1926ல் கிடைத்த உரிமையை 2024ல் கேட்டதற்குக் கைது செய்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெற்றதும் இதே அரசுதான். மெரினா கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டு நிறைந்த நாள் அது. கேட்டால் செவிசாய்க்கிறார்கள், கேட்க ஓர் அமைப்பு வேண்டும்.

ஷிரார்டூவுக்கு 1916ல் நகர உரிமை கிடைத்தது. இரண்டு உலகப் போர்களையும், பிரெஞ்சு முதலாளியையும், அரசுடைமையையும் அந்த ஆலை பார்த்தது. 1989க்குப் பின் லினன் தொழில் படுத்துவிட்டது. ஆலை போன பிறகும் ஊர் மிச்சம் இருந்தது, ஏனென்றால் அங்கே வீடுகள் இருந்தன, வீடுகளில் மூன்று நான்கு தலைமுறைகள் இருந்தன. நோக்கியா போனபோது இங்கே என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது இந்தச் சாலைக்கு இன்னொரு திருப்பம் வருகிறது. 2022ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் மப்பேட்டில் சரக்குப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. பூந்தமல்லியிலிருந்து மெட்ரோ ரயிலை முதல் கட்டமாகச் சுங்குவார்சத்திரம் வரை சுமார் 28 கிலோமீட்டர் நீட்டும் திட்டமும் 2025ல் நகரத் தொடங்கியிருக்கிறது. 1856ல் ஒதுங்கிப் போன ரயில் இந்த வழியாக வரப்போகிறது என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் மெட்ரோ தூண் எழும்பும் முன்பே மனைவிலை எழும்பிவிடும். வரப்போகும் நிலையங்களைச் சுற்றித் தொழிலாளர் குடும்பங்களுக்கான வாடகை வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அரசு இப்போதே நிலம் ஒதுக்கி வைக்க வேண்டும். சிப்காட் நிலத்தில் 18,720 படுக்கைகளைக் கட்ட முடிந்தது. அதே கையால் குடும்ப வீடுகளையும் கட்ட முடியும். ஐந்து ஆண்டு கழித்து யோசித்தால் வாங்க நிலம் இருக்காது.

பரந்தூரில் கதை வேறு. அங்கே வீடும் ஏரியும் வயலும் இருக்கிறவர்கள், அவற்றைக் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். ஏகனாபுரம் மக்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் போராட்டத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.